கசவும் சிவப்பும்: சுற்றுப்பட்டை ஒட்டுவேலையில் ஒரு கிறிஸ்துமஸ் பை

டிசம்பர் பிறந்தால் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் கேக்கும் முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் வீடு விட்டு வீடு போகும். அவற்றைச் சுமப்பது பெரும்பாலும் ஜவுளிக்கடைக் கட்டைப்பைதான். அதற்குப் பதிலாக, வீட்டில் கிடக்கும் துண்டுத்துணியிலும், கேரளத்துப் பெண்கள் இரண்டு துண்டாக உடுத்தும் செட்டு முண்டு பழையதாகக் கிடந்தால் அதிலும் ஒரு பஞ்சு வைத்த பை தைக்கலாம். முடிந்த பை 10 இஞ்ச் அகலம், 14 இஞ்ச் உயரம், அடியில் 4 இஞ்ச் கனம். மிதித் தையல் மெஷினே போதும்.

துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுவேலையில் பல முறைகள் உண்டு. பைக்கு நாங்கள் சொல்வது சுற்றுப்பட்டை முறை. நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். ஆங்கிலம் பேசும் ஊர்களில் இதற்கு லாக் கேபின் என்று பெயர், அதாவது மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு. அமெரிக்காவில் 1860களில் பரவலானது. நடுச்சதுரத்தைச் சிவப்பில் வைத்து அதை வீட்டின் அடுப்பு என்று சொல்வது அங்கத்திய வழக்கம். நம் பைக்கு அதே சிவப்பை வாசலில் தொங்கும் நட்சத்திர விளக்காக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர் நிறம், மற்ற இரண்டு பக்கம் அடர் நிறம். சுற்றுகள் ஏற ஏற, சதுரம் மூலைக்கு மூலை பாதி வெளிச்சம், பாதி இருட்டு என்று பிரிந்து நிற்கும். அழகு முழுவதும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. ஆகவே நிறத்தைவிட வெளிர்மை, அடர்மையைப் பார்த்துத் துணி எடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே அடர்த்தியில் இருந்தால் இரண்டையும் அடர் பக்கத்துக்கே வைக்க வேண்டும். ஒன்றை வெளிர் பக்கம் போட்டால் பிரிவே தெரியாது.

வழக்கமாக முதலில் மேல்துணியை ஒட்டி முடித்து, பிறகு பஞ்சும் அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து மறுபடி முழுக்கத் தைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. பஞ்சையும் அடித்துணியையும் முதலிலேயே விரித்து, பட்டைகளை நேரே அவற்றின் மேல் வைத்துத் தைக்கிறோம். ஒட்டுகிற தையலே பஞ்சைப் பிடிக்கும் தையலும் ஆகிவிடும். சிறிய மெஷினில் கனத்த துணியைச் சுருட்டித் திணிக்கும் பாடு இல்லை. ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு: தவறாகத் தைத்த பட்டையைப் பிரித்தால் பஞ்சு கிழிந்து கையோடு வரும். அதனால் ஒவ்வொரு பட்டையும் முதல் தடவையே சரியாக விழ வேண்டும். அதற்கான ஏற்பாடுகளைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

வெளிர் பக்கத்துக்குக் கசவுத் துணியை, அதாவது ஜரிகைக் கரை போட்ட வெளிர் கைத்தறியை, போல் பொருத்தமானது இல்லை. அதை நெய்யும் ஊரான பாலராமபுரம் களியக்காவிளையிலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டினால் வந்துவிடும். அங்கே கைத்தறி நெய்யும் சாலியர்களின் முன்னோர் திருவிதாங்கூர் அரசர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து போனவர்கள். பைக்காகப் புதுத்துணி வாங்க வேண்டாம். நடுவில் நைந்து கரை மட்டும் நன்றாக இருக்கிற பழைய செட்டு முண்டு இருந்தால் அதுவே மேல். பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். நைந்த இடத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை விலகிய இடம் தெரியும். புதிதானால் கஞ்சி போகிற வரை துவைத்தே வெட்ட வேண்டும். கஞ்சி இருக்கும்போது அளந்து வெட்டிய பட்டை, பை தைத்தபின் முதல் துவைப்பில் சுருங்கிப் பக்கத்துப் பட்டையைச் சுளித்துவிடும்.

அடர் பக்கத்துக்கு பாப்ளின் நல்லது. ரூபியா மெல்லியதாக இருந்தாலும் மடிப்புக்கு நிற்கும். டெரிகாட்டனும் சாட்டினும் வேண்டாம். நகத்தால் கீறினால் மடிப்பு நிற்காத துணி இந்த வேலைக்கு ஒத்துவராது.

கசவுக்குப் பக்கத்தில் சிவப்பு வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து சாயம். தையல்கடைத் துண்டுகள் எப்படிப்பட்டவை என்று வெளியே பார்த்துத் தெரியாது. ஒவ்வொரு சிவப்பையும் பச்சையையும் நனைத்து, வெள்ளைத்துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால், கறை வருவது நிற்கும் வரை வெந்நீரில் திரும்பத் திரும்பத் துவைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. ஏற்கெனவே ஒட்டாமல் இருக்கிற சாயத்தை உப்பு ஒட்டவைக்காது. நாலைந்து துவைப்புக்குப் பிறகும் தண்ணீர் சிவந்தால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

துணிக் கணக்கு இது. நடுச்சதுரம் 2½ இஞ்ச், பையின் முன்முகம், பின்முகம் என்று முகத்துக்கு ஒன்றாக இரண்டு. முதல் ஐந்து சுற்றுப் பட்டைகளுக்கு அகலம் 1½ இஞ்ச். ஆறாவது, அதாவது கடைசிச் சுற்றுக்கு 1¾ இஞ்ச். கடைசிச் சுற்று ஏன் கூடுதல் என்றால், உள்தையலுக்குக் கால் இஞ்சும் பையின் பக்கத்தையலுக்கு அரை இஞ்சும் போக, வெளியே தெரிவது மற்றப் பட்டைகளைப் போலவே 1 இஞ்சாக நிற்க வேண்டும். இரண்டு முகத்துக்கும் சேர்த்து வெளிர் நிறத்தில் 1½ இஞ்ச் பட்டை 140 இஞ்ச் நீளமும், அடர் நிறத்தில் 160 இஞ்ச் நீளமும் செலவாகும். கடைசிச் சுற்றுக்கு 1¾ இஞ்ச் பட்டை வெளிரில் 52½, அடரில் 57½ இஞ்ச். வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 36 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணி என்றால் ஒவ்வொரு நிறத்திலும் 40 சென்டிமீட்டர் தாராளமாகப் போதும்.

பட்டைகளைப் பாவு ஓடும் திசையில் வெட்டுங்கள். துணியின் நீளவாக்கு அது. கரைக்கு இணையாக இழுத்துப் பார்த்தால் கொடுக்காது. ஊடைத் திசையில், அதாவது அகலவாக்கில், இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். குறுக்கே, மூலைவாட்டில் வெட்டினால் ரப்பர் மாதிரி நீளும். நீளுகிற பட்டையைத் தைத்தால் சதுரம் சதுரமாக இருக்காது.

பஞ்சுக்கு இரண்டு வழி. பைக்கடைக்காரர்கள் வாங்கும் மெல்லிய பாலியஸ்டர் வாடிங் ஒன்று, நைந்த பருத்திப் போர்வை மற்றொன்று. வாடிங் லேசானது, சீக்கிரம் காயும், ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகித் தட்டையாகும். போர்வை சூடு தாங்கும், பைக்கு நல்ல நிற்பு கொடுக்கும், துவைத்தால் காய நேரமெடுக்கும். டர்க்கித் துண்டை வைக்க வேண்டாம். அதன் வளையங்கள், துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மெஷின் புட்டில் மாட்டிக்கொள்ளும். எதை வைத்தாலும் அடியில் ஒரு காடாத் துணி வேண்டும். வெறும் வாடிங்கை மெஷினில் ஓட்டினால் அடியில் உள்ள பற்கள் பஞ்சைப் பிய்த்து பாபின் கூட்டுக்குள் அடைத்துவிடும்.

வாடிங்கும் காடாவும் முகத்துக்கு 17 இஞ்ச் அகலம், 19 இஞ்ச் உயரம் வெட்டுங்கள். கடைசியில் வேண்டியது 15-க்கு 17-தான். மீதி, தைக்கத் தைக்க உள்ளே இழுத்துக்கொள்ளும் துணிக்காக. மேல் ஓரத்திலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் 8½ இஞ்சில் நடுப்புள்ளி. அந்தப் புள்ளி வழியாகக் கூட்டல் குறிபோல் இரண்டு கோடு, மூலைவாட்டில் 45 பாகையில் இரண்டு கோடு, தையல் சாக்கால் வாடிங் மேல் ஓரம்வரை இழுத்துவிடுங்கள். காடாவும் வாடிங்கும் நகராதபடி கையால் நீள நூலோட்டம் போட்டுப் பிடியுங்கள். மூலைவாட்டுக் கோடுகள்தான் இந்த வேலையின் காவல்காரர்கள்.

அடுத்தது ஒவ்வொரு தையலுக்கும் விடும் கால் இஞ்ச். தையல் கணக்கில் 2 நூல்; ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. மெஷினுக்கு மெஷின் ஊசிக்கும் புட்டின் ஓரத்துக்கும் உள்ள தூரம் மாறும், அதனால் புட்டின் ஓரத்தை நம்பக்கூடாது. ஓரத்திலிருந்து கால் இஞ்சில் கோடு போட்ட காகிதத்தை நூல் இல்லாத ஊசியின் கீழ் வைத்து, கோட்டின் மேல் ஊசி விழும்படி ஓட்டுங்கள். காகிதத்தின் ஓரம் எங்கே நிற்கிறதோ அங்கே தகட்டின் மேல் இன்சுலேஷன் டேப்பை நான்கைந்து மடிப்பு கனமாக ஒட்டுங்கள். இனித் துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போக வேண்டும். இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரு தையல் அரை நூல் கூடினால், அது இணைக்கிற இரண்டு துண்டிலும் அரை அரை நூல் தின்னும். ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல். ஒரு முகத்தின் அகலத்தில் இப்படி 12 தையல்கள் உண்டு. 12 நூல் என்றால் ஒன்றரை இஞ்ச். 15 இஞ்ச் வர வேண்டிய முகம் 13½-ல் நிற்கும்.

ஊசி 14-ஆம் நம்பர், புதியது. தையல் நீளம் இஞ்சுக்கு 8. அதைவிடப் பொடியாக வைத்தால் பஞ்சு மேல் துணி சுருங்கும். மெஷின் தலையில் உள்ள அழுத்தத் திருகை ஒன்றிரண்டு சுற்று தளர்த்திவிடுங்கள். கனத்தில் புட் அதிகம் அழுத்தினால், கீழ்ப்பற்கள் அடித்துணியை இழுக்க, மேல்பட்டை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். முடிவில் பட்டை நீண்டு, காடாவில் சுருக்கம் விழும்.

இனித் தையல். சிவப்புச் சதுரத்தை நான்கு மூலையும் மூலைவாட்டுக் கோடுகளில் உட்காரும்படி வைத்துக் குண்டூசி குத்துங்கள். முதல் கசவுப் பட்டையை நல்ல பக்கம் கீழாக, சதுரத்தின் ஒரு ஓரத்தோடு ஓரம் பொருத்தி வைத்து, பட்டை, சதுரம், வாடிங், காடா எல்லாம் சேர்த்து கால் இஞ்சில் தைத்து, பட்டையை வெளிப்பக்கம் புரட்டுங்கள். நகத்தாலோ கரண்டியின் பின்புறத்தாலோ தையல்மேல் அழுத்தி இழுத்துவிட்டு, மீதி நீளத்தைக் கத்தரியால் வெட்டுங்கள். பட்டைகளை முன்னமே நீளம் வெட்டி வைப்பதைவிட இப்படி வைத்துத் தைத்து வெட்டுவது நல்லது. ஆனால் நீளக் கணக்கு சரிபார்க்க உதவும்: முதல் சுற்றில் 2½, 3½, 3½, 4½. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றும் 2 இஞ்ச் கூடும்.

இரண்டாவது பட்டையும் கசவு, அடுத்த பக்கத்தில். மூன்றும் நான்கும் அடர் நிறம். எல்லாச் சுற்றிலும் இதே வரிசை, இதே சுழல் திசை. வாடிங்கின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக 1, 2, 3, 4 என்று எழுதி வையுங்கள். நான்காம் சுற்றுக்கு மேல் மனம் ஓட்டத்தில் போய், அடர் பக்கத்தில் கசவை வைத்துத் தைத்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும். பிரிக்க முடியாத இடம் அது.

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் நிறுத்தி அளக்க வேண்டும். வெட்டோரத்திலிருந்து வெட்டோரம் 4½, 6½, 8½, 10½, 12½ என்று வர வேண்டும். நான்கு மூலையும் கோட்டில் விழ வேண்டும். அகலம் ஒரு நூல் குறைந்தால், குறைந்த பக்கத்தின் அடுத்த பட்டையை ஒரு நூல் அகலம் கூட்டி வெட்டுங்கள், அங்கேயே சரியாகிவிடும். இரண்டு சுற்று கழித்துச் சரிசெய்யலாம் என்று விட்டால் பட்டைகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் கண்ணுக்குத் தெரியும். ஓரம் கூடியிருந்தால், துணியை வாடிங்கிலிருந்து தூக்கிப் பிடித்துக் கத்தரியால் நறுக்குங்கள். உருட்டி வெட்டும் ரோட்டரி கட்டர் வைத்தால் வாடிங்கும் சேர்ந்து வெட்டுப்படும்.

நான்கு மூலையும் ஒரே திசையில் கோட்டை விட்டு நகர்ந்திருந்தால் சதுரம் சுழல்கிறது என்று அர்த்தம். எல்லாப் பட்டையையும் ஒரே முனையிலிருந்து தைத்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு வந்ததன் விளைவு. ஒரு பட்டையை இந்த முனையிலிருந்து, அடுத்ததை அந்த முனையிலிருந்து என்று மாற்றித் தைத்து, 2 இஞ்சுக்கு ஒரு குண்டூசி வையுங்கள். இழுத்துப் பிடித்து நேராக்கப் பார்க்காதீர்கள். இழுத்த துணி பை நிறைந்ததும் தன் இடத்துக்குத் திரும்பிக் கோணும்.

கசவில் மட்டும் வருகிற ஒரு குறை உண்டு. துணி மெல்லியது. புரட்டும்போது தையல் மடிப்பு எப்போதும் புதுப்பட்டையின் அடியில் போகும். நடுச்சதுரத்தின் சிவப்பு மடிப்பு முதல் சுற்றுக் கசவின் அடியிலும், ஒவ்வொரு சுற்றின் நான்காவது பட்டையின் முனை அடுத்த சுற்றின் முதல் கசவுப் பட்டையின் அடியிலும், மூன்றாவது பட்டையின் முனை இரண்டாவது கசவுப் பட்டையின் அடியிலும் சிக்கும். வெளியே அது மங்கின கறைபோல நிழலாகத் தெரியும். புரட்டுவதற்கு முன் அந்த இடத்தில் அடர் துணியின் மடிப்பை மட்டும் ஒரு நூலுக்கு நறுக்கிவிட்டால், நீளமாக நிற்கும் கசவின் மடிப்பு அதை மூடிவிடும். நைந்த முண்டு ரொம்ப மெல்லியதாக இருந்தால் கசவுப் பட்டைகளின் அடியில் ஒரு மல்துணிப் பட்டையும் சேர்த்துத் தையுங்கள்.

ஜரிகைக் கரையை ஆறாவது சுற்றுக்கு வைத்திருங்கள், முகத்துக்குச் சட்டம் போட்டதுபோல் வரும். அரை இஞ்ச் கரை போதும். கரை துணியின் ஓரத்தோடு ஒட்டி இருப்பதால் அதை மற்றப் பட்டைபோல் புரட்டித் தைத்தால் பாதி ஜரிகை மடிப்புக்குள் போய்விடும். ஆகவே இந்த ஒரு இடத்தில் முறையை மாற்றுங்கள். பட்டையை 1¾-க்குப் பதிலாகக் கரை ஓரத்திலிருந்து 1½ இஞ்ச் அகலம் வெட்டி, நல்ல பக்கம் மேலாக, கரை உட்புறம் இருக்க, ஐந்தாம் சுற்றின் வெட்டோரத்தின் மேல் கால் இஞ்ச் ஏறும்படி வைத்து, ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டரில் மேல்தையல் போடுங்கள். நெசவு ஓரம் பிரியாது, அதனால் மடிக்க வேண்டியதில்லை. ஜரிகை மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்கக்கூடாது. விலை குறைந்த கசவில் இருப்பது பாலியஸ்டர் ஜரிகை, சூட்டில் சுருளும். மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில், தேய்க்காமல் அழுத்தி எடுங்கள். கடைசிச் சுற்றின் அடர் பக்கம் இரண்டும் வழக்கம்போல் 1¾ இஞ்சில்.

இப்போது 15 இஞ்ச் சதுரம் கையில் இருக்கிறது. இதையே பையாக்கினால் அடிமடிப்பு கீழே 2 இஞ்சைத் தின்றுவிட்டு, சிவப்புச் சதுரம் பையின் நடுவுக்குக் கீழே இறங்கி நிற்கும். அதைத் தவிர்க்கக் கீழ் ஓரத்தில் 3 இஞ்ச் அகலத்தில் தடித்த துணிப்பட்டை ஒன்று, அரை இஞ்ச் தையலில், அதே புரட்டும் முறையில் வையுங்கள். பழைய ஜீன்ஸ் பொருத்தம். தரையில் வைக்கும்போது செம்மண் படுவதும் அதன்மேல்தான். முகம் 15-க்கு 17 ஆனது. சுற்றிலும் ஓரத்திலிருந்து 3 நூலில் ஒரு தையல் ஓட்டி, மிச்சத்தை வெட்டி, அந்தத் தையலுக்கு வெளியே உள்ள வாடிங்கை மட்டும் நறுக்கி எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பக்கத்தையல் போடும் இடத்தில் இரண்டு பஞ்சும் சேர்ந்து ஊசி முறியும்.

கைப்பிடிக்கு 4-க்கு 22 இஞ்சில் இரண்டு துண்டு. உள்ளே காலர் கேன்வாஸ் வைத்து நான்காக மடித்து இரு ஓரமும் தையல். மேல் ஓரத்தில் பக்கத்திலிருந்து 4 இஞ்ச் விட்டுப் பொருத்துங்கள். ஊசியை 16-க்கு மாற்றிக்கொண்டு பக்கங்களையும் அடியையும் அரை இஞ்சில் தையுங்கள். அடிமூலையில் பக்கத்தையலும் அடித்தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மூலையைக் கூம்பாக மடித்து, தையல்கள் சேரும் முனையிலிருந்து 2 இஞ்ச் உள்ளே குறுக்குக்கோடு போட்டால் அந்தக் கோடு சரியாக 4 இஞ்ச் வரும். அதுவே பையின் கனம். 2 இஞ்சை வெட்டோரத்திலிருந்து அளந்தால் கனம் குறைந்துவிடும்.

உள்லைனிங் பாப்ளினில் அதே அளவு, ஆனால் அகலம் கால் இஞ்ச் குறைத்து, இல்லையென்றால் உள்ளே தொளதொளவென்று நிற்கும். அடித்தையலில் 5 இஞ்ச் திறப்பு விடுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கப் பையை லைனிங்குக்குள் நுழைத்து, மேல்வட்டத்தை அரை இஞ்சில் தைத்து, திறப்பு வழியாகப் புரட்டி, திறப்பை மூடுங்கள். வாயைச் சுற்றி 2 நூலில் ஒரு மேல்தையலும், ஒவ்வொரு கைப்பிடி முனையிலும் பெருக்கல் குறி போட்ட கட்டமும் வேண்டும். கேக்கின் பாரம் முழுக்க அந்த நாலு கட்டத்தில்தான் தொங்கும்.

துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீர், மிதமான சோப்பு, பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தித் தண்ணீர் எடுப்பது. நிழலில் வாயைத் திறந்து தலைகீழாகக் காயவையுங்கள். போர்வை வைத்த பை டிசம்பர் ஈரத்தில் இரண்டு நாள் கேட்கும், அடிமூலை காய்ந்ததா என்று விரல் விட்டுப் பார்த்த பிறகே மடித்து வையுங்கள்.